நான்கு மணிக்குமேல் கூப்பிடுங்கள்

நான் ரிசீவரை வைத்தபோது டாக்டரம்மா மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாரா, அல்லது வைத்த பிறகுதான் இறங்கி வந்தாரா என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. முப்பது வருடங்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் அவருடைய செருப்புச் சத்தம் முதலில் கேட்கிறது. சில நாள் ரிசீவர் கொக்கியில் விழும் சத்தம் முதலில் கேட்கிறது. எனக்குச் சாதகமான பக்கமாகவே நினைவு சாய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு இரண்டையும் நான் நம்புவதில்லை. மற்றவை நடந்தபடியே நினைவிருக்கின்றன என்றுதான் நினைக்கிறேன்.

1934ஆம் வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. கான்வென்டில் ஏழாம் வகுப்புவரை படித்திருந்ததால், எங்கள் மலாய் நாட்டுத் துறைமுக ஊரின் புலாவ் தீக்குஸ் பகுதியில் செபாஸ்டியன் டாக்டர் வீட்டில் வேலை கிடைத்தது. துணி தைப்பது, டாக்டரின் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவது, டெலிபோனுக்குப் பதில் சொல்வது. தூசி தட்டும்போது படிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டில் மிகச் சுத்தமாக இருந்தவை புத்தகங்கள்தாம்.

டெலிபோன் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே சுவரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் டாக்டரின் மனைவி அன்னமேரி அம்மா, நாங்கள் டாக்டரம்மா என்று அழைப்பவர், தன் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. எட்டு ஆங்கில வாக்கியங்கள். முதல் வாக்கியம், ‘குட் மார்னிங், டாக்டர் செபாஸ்டியன்ஸ் ரெசிடென்ஸ்.’ ஐந்தாவது, ‘டாக்டர் ஓய்வில் இருக்கிறார், தயவுசெய்து நான்கு மணிக்குமேல் கூப்பிடுங்கள்’ என்பதன் ஆங்கிலம். அதற்குக் கீழே விதிகள். குரலை உயர்த்தக் கூடாது. தமிழோ மலாயோ பேசக் கூடாது. கூப்பிட்டவர் வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது.

அந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்திருந்தது. பேச்சு முடிந்தபின் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் மூச்சு விடுவது சிறிது நேரம் கேட்கும். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரம்மா கெட்டவர் அல்ல. டெலிபோன் என்பது வீட்டின் முன்வாசல், முன்வாசலில் நின்று யாரும் கத்துவதில்லை என்பார். பிற்பகல் இரண்டிலிருந்து நான்குவரை டாக்டர் தூங்குவார். யாருக்காக எழுப்புவது, யாருக்காக எழுப்பக் கூடாது என்பதை டாக்டரம்மாதான் தீர்மானிப்பார். அதை அவர் பேச்சை வைத்தே தீர்மானித்தார். அமைதியாக, பெயர் சொல்லி, ‘பிளீஸ்’ போட்டுக் கேட்பவர்களுக்கு டாக்டர் எழுந்து வருவார்.

என் அக்கா அமலம் சில மைல் தள்ளி ஜெலுத்தோங்கில் இருந்தாள். அவள் கணவர் பாக்கியசாமி துறைமுகத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர். சரக்குத் தூக்கும் வின்ச் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, அவருக்கு மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. ‘உன் மச்சான் கோயில்ல செபம் சொன்னா கப்பல்ல இருக்கிறவன் ஆமென் சொல்றான்’ என்பாள் அக்கா. அவர்களுடைய முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்துவிட்டது. அக்காவும் ரத்தம் நிற்காமல் போய்விடப் பார்த்தாள். இரண்டாவது பிள்ளை உண்டானதும் நான் செபாஸ்டியன் டாக்டரிடம் சொன்னேன். அவர் பணம் வாங்காமல் பார்த்துவந்தார்.

மே மாத இறுதியில், ஏழாம் மாதத்தில், அக்காவுக்கு லேசாக ரத்தம் பட்டது. மச்சான் முச்சந்தியிலிருந்த அப்துல் ஹமீது மளிகைக்கடைக்கு ஓடி, அங்கிருந்த போனில் டாக்டர் வீட்டைக் கூப்பிட்டார். நான் அப்போது பின்கட்டில் இருந்தேன். டாக்டரம்மா எடுத்தார். மறு நிமிடமே வைத்துவிட்டார்.

‘யாரோ கூலிக்காரன், காது கிழியக் கத்துறான். தமிழ்ல. வச்சுட்டேன்’ என்றார் என்னிடம்.

ஒரு மணி நேரம் கழித்து மச்சான் ஓடியே வந்துசேர்ந்தார். வாசல்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். டாக்டர் காரை எடுத்தார், மச்சானோடு நானும் ஏறிக்கொண்டேன். அன்றைக்கு ரத்தம் தானாக நின்றிருந்தது. ஆனால் திரும்பும் முன் டாக்டர் மச்சானிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

‘பாக்கியசாமி, இவளுக்கு ரத்தம் உறையுறது கஷ்டம். வலி ஆரம்பிச்ச உடனே நான் வரணும். ஊசி போடணும். நீ ஓடி வந்துக்கிட்டிருந்தா நேரம் போயிடும். போன் பண்ணு. பிள்ளை ஆகஸ்ட்லதான் பிறக்கும். ஜூலைக் கடைசியில புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயில் திருநாள் முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம். அதுக்கு முன்னாடி ஏதாச்சும்னா, போன்.’

‘பண்ணுனேனே டாக்டர். வச்சுட்டாங்க.’

டாக்டர் தன் பையை மூடினார். மனைவியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதும் சொல்வதில்லை.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ஜெலுத்தோங் போனபோது, அட்டையிலிருந்தவற்றுக்கு எதிர்ப்பக்கத்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். கூப்பிடுகிறவர் சொல்ல வேண்டியவை. ‘குட் ஆஃப்டர்நூன். பாக்கியசாமி ஸ்பீக்கிங். மே ஐ ஸ்பீக் டு த டாக்டர், பிளீஸ்? மை வைஃப் இஸ் வெரி இல். இட் இஸ் அர்ஜென்ட்.’ கடைசியில், ‘தேங்க் யூ. ஐ ஆம் சாரி டு ட்ரபிள் யூ.’

‘எம் பொண்டாட்டி சாவக் கெடக்கிறா, நான் சாரி சொல்லணுமா?’ என்றார் மச்சான்.

‘சொல்லணும் மச்சான். சொன்னாத்தான் எழுப்புவாங்க.’

‘இதென்னலா கொடுமை. கவர்னர்கூட இத்தனை பிளீஸ் கேக்க மாட்டான்.’

‘இருக்கட்டும், நல்லா படிங்க’ என்றாள் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ‘கல்யாணம் ஆகி ஆறு வருசத்துல என்கிட்ட ஒரு பிளீஸ் வந்ததில்ல. அந்தம்மா புண்ணியத்துல வரட்டும். ஏங்க, அந்தத் தேங்காய்த் துருவியைக் கொஞ்சம் எடுங்க, பிளீஸ்.’

‘தேங்க் யூ, ஐ ஆம் சாரி’ என்று சொல்லி அவர் துருவியை எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

வாக்கியம் வந்துவிட்டது. குரல்தான் வரவில்லை. டெலிபோனைக் கண்டாலே அவருக்கு எதிரில் கப்பல் நிற்பதுபோலத் தோன்றும். பழக வேண்டுமென்றால் உண்மையான டெலிபோனிலேயே பழக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். பிற்பகல் மூன்று மணி வாக்கில் டாக்டரும் டாக்டரம்மாவும் தூங்குவார்கள், கூடத்தில் நான் மட்டும் இருப்பேன். கப்பல் இல்லாத நாட்களில் அந்த நேரத்தில் கூப்பிடுங்கள், நான் டாக்டரம்மா மாதிரி பேசுகிறேன் என்றேன்.

ஜூன் மாதம் முழுவதும் பத்துத் தடவையாவது கூப்பிட்டிருப்பார். முதல் நாள் நான் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் ஐந்தாவது வாக்கியத்தைச் சொன்னதும், ‘என்னாடி ஓய்வு! எழுப்புடி அந்தாள!’ என்று கத்தினார். பின்னால் அப்துல் ஹமீது சிரிப்பது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் கோபித்துக்கொண்டேன். ‘நீங்க கத்துனா அவங்க வச்சுடுவாங்க. அப்புறம் எடுக்கவே மாட்டாங்க. மாட்டேன்னு சொன்னாலும் தேங்க் யூ சொல்லி வைங்க. அஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி கூப்பிடுங்க. ரெண்டாம் தடவை மனசு இளகும். எனக்குத் தெரியும் அவங்களை.’

‘நீ எடுத்தா?’

‘நான் எடுத்தாலும் அப்படித்தான். அவங்க பக்கத்துல நின்னா நான் தமிழ்ல பேச முடியாது. நான் என்ன சொன்னாலும் நீங்க தாள்ல உள்ளதை விட்டு நகரக் கூடாது.’

இதை நான் சொன்னேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் கற்றுக்கொண்டார். வாரத்துக்கு வாரம் அந்தக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஜூலை முதல் வாரத்தில் டெலிபோனில் கேட்டது வங்கியில் கணக்கெழுதும் யாரோ ஒரு கிராணியின் குரல். நிதானம், மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி. ‘நம்ம கடைக்குள்ள ஒரு துரை பூந்துட்டான்லே’ என்று அப்துல் ஹமீது எல்லோரிடமும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூலை பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவர் ஒரு பிழை இல்லாமல் சொல்லி முடித்ததும் நான் விதியை மீறி மெதுவாகத் தமிழில் சொன்னேன்:

‘மச்சான், வியாழக்கிழமை மூணு மணிக்கு ஒரே ஒரு தடவை. அது கடைசிப் பரீட்சை. நான் என்ன சொன்னாலும் அசையக் கூடாது. பாஸ் ஆயிட்டீங்கன்னா அப்புறம் கூப்பிட வேணாம்.’

‘தேங்க் யூ. ஐ ஆம் சாரி டு ட்ரபிள் யூ’ என்றார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மணி அடித்தது. நான் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். விரலைப் பக்கத்துக்குள் அடையாளமாக வைத்தபடியே எழுந்துபோய் எடுத்தேன்.

‘குட் ஆஃப்டர்நூன். பாக்கியசாமி ஸ்பீக்கிங். மே ஐ ஸ்பீக் டு த டாக்டர், பிளீஸ்?’

குரல் முன்னெப்போதையும்விடத் தாழ்ந்திருந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐந்தாவது வாக்கியத்தைச் சொன்னேன். டாக்டர் ஓய்வில் இருக்கிறார், நான்கு மணிக்குமேல் கூப்பிடுங்கள்.

‘மை வைஃப் இஸ் வெரி இல். இட் இஸ் அர்ஜென்ட்.’

நான் டாக்டரம்மாவின் குரலிலேயே மறுபடியும் அதையே சொன்னேன். இரண்டாம் தடவை ‘தயவுசெய்து’ என்பதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, ‘தேங்க் யூ. ஐ ஆம் சாரி டு ட்ரபிள் யூ.’

அதன்பின் அவர் வைக்கவில்லை. கூப்பிட்டவர் வைக்கும்வரை நான் வைக்கக் கூடாது. நானும் வைக்கவில்லை. அவருடைய மூச்சு கேட்டது. அது வேகமாக இருந்ததா? இருந்தது என்று இப்போது கேட்கிறது. அப்போது கேட்கவில்லை. விதியை இவ்வளவு சரியாகக் காக்கிறாரே, யார் முதலில் வைப்பது என்று என்னோடு விளையாடுகிறாரே என்று நினைத்தேன். நல்ல மௌனம் அது. எனக்குப் பிடித்த வகை. அதில் ஏதாவது ஒரு வார்த்தையை நான் தமிழில் சொல்லியிருக்கலாம். ‘பாஸ்’ என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் உடைந்திருப்பார்.

டாக்டரம்மா படியில் நின்றார், அல்லது நிற்கவில்லை. நான் ரிசீவரை வைத்தேன்.

‘யார்?’ என்று கேட்டார் டாக்டரம்மா. அவர் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தார்.

‘ஒரு நோயாளி. நாலு மணிக்குமேல கூப்பிடச் சொன்னேன்.’

‘மரியாதையாப் பேசினாரா?’

‘ரொம்ப மரியாதையா.’

அவர் ரிசீவரை எடுத்து எக்ஸ்சேஞ்சில் தன் சிநேகிதியின் நம்பரைக் கேட்டார். கோயில் திருநாளுக்குப் பீடத்துணி தைப்பதுபற்றிப் பேசினார். எத்தனை முழம், எந்தக் கடை, சரிகை வேண்டுமா வேண்டாமா. நான் என் நாற்காலிக்குப் போய் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன். முக்கால் மணி நேரம் படித்தேன். டாக்டரம்மா முக்கால் மணி நேரம் பேசினார்.

நாலேகாலுக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அப்துல் ஹமீது எங்கிருந்தோ பிடித்து வந்த வாடகைக் கார். மச்சான் இறங்கினார். அவர் சட்டையிலும் முழங்கையிலும் ரத்தம் காய்ந்திருந்தது. கேட்டிலிருந்து கத்தினாலே வீடு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் கத்தவில்லை. படியேறி வந்து, கூடத்து வாசலில் நின்று, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

‘டாக்டர் எழுந்துட்டாரா?’

டாக்டர் கால்செருப்பைக்கூட மாற்றாமல் ஓடினார். நானும் காரில் ஏறினேன். பின்சீட்டில் அப்துல் ஹமீது எனக்கும் மச்சானுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார். இரண்டரை மணிக்கு வலி கண்டது. பிரசவம் பார்க்கும் நூர் பீவி வந்து, உடனே டாக்டரைக் கூப்பிடு என்றாள். மச்சான் கடைக்கு வந்து கூப்பிட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். லைன் எங்கேஜ்டு என்றாள் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். மறுபடி கூப்பிட்டார். எங்கேஜ்டு.

‘ஒவ்வொரு வாட்டியும் அவகிட்ட தேங்க் யூ சொன்னாரும்மா’ என்றார் அப்துல் ஹமீது. ‘நான் சொன்னேன், மண்டோரு, கத்துய்யா, ஒங்க தொண்டைக்கு என்ன வந்துச்சுன்னு. கையைக் காட்டி என்னைச் சும்மா இருக்கச் சொல்லிட்டார். அஞ்சு நிமிசம், அஞ்சு நிமிசம்ங்கிறார். அப்புறம் நூர் பீவி ஆள் அனுப்பிச்சா. அப்புறந்தான் நான் கார் தேடிப் போனேன்.’

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை பிறந்து, நூர் பீவியின் கையில் துணியில் சுற்றி இருந்தது. பெண் பிள்ளை. அழுதுகொண்டிருந்தது. அக்கா கட்டிலில் கிடந்தாள். டாக்டர் ஊசி போட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு தடவை கண் திறந்து மச்சானைப் பார்த்தாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு டாக்டர் அவள் கையைப் போர்வைக்குள் வைத்தார்.

‘ஒரு அரை மணி முன்னாடி தெரிஞ்சிருந்தா’ என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனார்.

அடக்கம் முடிந்த அன்று மாலை நானும் மச்சானும் மட்டும் சமையற்கட்டில் இருந்தோம். அந்தத் தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. அவருடைய விரல்பட்டு ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

‘மச்சான், நான் பரீட்சைன்னு நினைச்சேன்’ என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. எனக்கு முதன்முதலாக மௌனம் தாங்க முடியாமல் இருந்தது.

‘பரீட்சை நெனப்பே எனக்கு இல்ல புள்ள’ என்றார் கடைசியில். ‘அந்தம்மா ஒம்பக்கத்துல நிக்கிறாங்க, அதான் நீ அப்படிப் பேசுறேன்னு நெனச்சேன். நீ எப்படியும் உள்ள போயி எழுப்பிருவேன்னு நெனச்சேன். நீ வைக்காம இருந்தேல்ல, அப்ப, எழுப்பத்தான் போயிருக்கேன்னு நெனச்சேன்.’

பிறகு கேட்டார்: ‘நின்னாங்களா?’

‘நின்னாங்க’ என்றேன்.

அதனால்தான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று அவரிடம் சொன்னது நான் பார்த்ததா, அல்லது அவருக்காகச் சொன்னதா, அல்லது எனக்காகவா. சொன்ன பிறகு டாக்டரம்மா படியில் நிற்க ஆரம்பித்துவிட்டார். இறக்கிவிட முடியவில்லை.

பாக்கியசாமி மச்சான் மண்டோர் வேலையை விட்டார். குரல் போய்விட்டது, ஆட்கள் காதில் விழவில்லை என்றார்கள். துறைமுகத்திலேயே கிடங்குக் காவல் வேலை கொடுத்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அந்தக் கிடங்கில் இருந்தார். என்னை அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. டாக்டரம்மாவையும் சொல்லவில்லை. செபாஸ்டியன் டாக்டர் யுத்தத்துக்குப் பின் இரண்டு வருடம் இருந்து, தூக்கத்தில் இறந்தார். டாக்டரம்மா மகனோடு சிங்கப்பூர் போய் அங்கேயே காலமானார். வியாழக்கிழமை கூப்பிட்டது யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் சொல்லவில்லை. அப்துல் ஹமீதின் கடை மகன்கள் கைக்குப் போனது. அவர் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. நூர் பீவி ஜெலுத்தோங்கிலேயே இறந்தாள்.

பிள்ளைக்கு நவமணி என்று பெயர் வைத்தார்கள். மச்சானின் தங்கை அவளைப் பட்டர்வொர்த்தில் வளர்த்தாள். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். தாய் பிரசவத்தில் இறந்தாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். நான் அக்காவின் அடக்கம் முடிந்த மாதமே டாக்டர் வீட்டு வேலையை விட்டேன். பிறகு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டில் டெலிபோன் இல்லை.